மணி வளைவும் மனசாட்சியும்



ஒரு தவறை ஒத்துக்கொண்டுதான் இக்கட்டுரையைத் தொடங்க வேண்டும். போன செமஸ்டரில் என் ரெக்கார்டு நோட்டில் ஒட்டிய மணி வளைவுக்கு 'குட்' வாங்கினேன். அது பொய் வளைவு!

லேத்தில் கடைந்த 20 மி.மீ. ஷாஃப்ட் துண்டுகள் 50. மைக்ரோமீட்டரில் அளந்து எக்ஸெல்லில் ஏற்றினேன். சராசரி 20.00, திட்ட விலக்கம் 0.04. சராசரிக்கு இருபுறமும் மூன்று திட்ட விலக்கம் வரை எண்களை வரிசையாகப் போட்டு, பக்கத்தில் நார்ம்.டிஸ்ட் சூத்திரம். கடைசியில் 'ஃபால்ஸ்' போட மறக்கக் கூடாது. 'ட்ரூ' போட்டால் மணி வராது, 'எஸ்' மாதிரி கோடுதான் வரும். பிறகு ஸ்கேட்டர் சார்ட். அடடா, கோயில் மணியேதான்!

பக்கத்து பெஞ்ச் நண்பன் கேட்டான்: "டேய், சரியா 20.00 இருக்கிற துண்டு எத்தனைடா?"

தேடினேன். ஒன்றுகூட இல்லை! காரணம், துண்டுகள் இரண்டு லேத்தில் கடைந்தவை. ஒரு பாதி 19.96-ஐச் சுற்றி, மறுபாதி 20.04-ஐச் சுற்றி. பட்டை வரைபடம் போட்டேன். இரண்டு குன்று, நடுவே பள்ளம். பள்ளம் இருந்த இடத்தில் என் வளைவு சிகரம் காட்டியது!

அந்தச் சூத்திரம் நம் 50 அளவுகளையும் பார்ப்பதே இல்லை. சராசரி, திட்ட விலக்கம் என்ற இரண்டு எண் போதும். எதைக் கொடுத்தாலும் மணிதான் வரும்.

குற்றம் வளைவின் மீது இல்லை. ஜெர்மனி 1991-ல் வெளியிட்ட 10 மார்க் நோட்டில் கணித மேதை காஸ் படத்தோடு இந்த வளைவையும் அச்சிட்டுக் கௌரவித்தார்கள். குற்றம், அளவுகளைப் பார்க்காமல் அழகைப் பார்த்த என்மீது.

என் கருத்து இதுதான். முதலில் பட்டை வரைபடம். அதன் மேல்தான் வளைவு. பொருந்தினால் ஏற்போம். பொருந்தாவிட்டால் காரணம் தேடுவோம்: மெஷின் மாறியதா, டூல் தேய்ந்ததா, அளந்த கை தவறியதா?

"மார்க் வந்தா போதும்டா" என்பவர்களுக்கு ஒரு கேள்வி. நாளை இன்ஸ்பெக்ஷனில் உட்கார்ந்து, வளைவை நம்பி லாட்டை பாஸ் பண்ணினால், பேரிங்கில் ஏறாத ஷாஃப்டுக்கு யார் பதில் சொல்வது?

இரண்டு குன்று படத்தையும் ரெக்கார்டில் ஒட்டிக் காட்டினேன். இம்முறை 'குட்' இல்லை. ஆனால் இரண்டு லேத்தின் செட்டிங்கும் அன்றே திருத்தப்பட்டது. எனக்கு அந்த 'குட்' போதும்.

சிந்திப்போம் தோழர்களே!

— மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல்