பட்டை சேர்த்தால் பாரம் குறையுமா?

முன்பக்கம் வானத்தைப் பார்க்க, பின்பக்கம் தரையைத் தடவிக்கொண்டு போகும் ஜீப்பைத் தேனி மாவட்டத்துக்காரர்களுக்கு அறிமுகப்படுத்தத் தேவையில்லை. போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்கு அதிகாலையில் ஆள் ஏற்றிக்கொண்டு மலையேறும் வண்டிகள் அவை. போடிமெட்டுப் பாதையில் மட்டும் 17 கொண்டை ஊசி வளைவுகள். உள்ளே நெருக்கியடித்து ஒரு கூட்டம், பின்படியில் தொற்றிக்கொண்டு ஒரு கூட்டம், போதாததற்கு மேலே சாப்பாட்டுக் கூடைகள்!

இப்படி ஓடி ஓடி ஒரு நாள் பின்பக்கம் அமுங்கிப்போகிறது. ஓட்டுநர் நேராகக் கமான் பட்டறைக்குப் போகிறார். "ரெண்டு பட்டை சேர்த்துப் போடுங்கண்ணே" என்கிறார். சாயங்காலம் வண்டி நிமிர்ந்து நிற்கிறது. பிரச்சினை தீர்ந்தது என்று அவரும் நம்புகிறார், முதலாளியும் நம்புகிறார். உண்மையில் தீர்ந்தது பிரச்சினை அல்ல, பிரச்சினையின் அடையாளம்தான்.

பின்பக்கம் ஏன் அமுங்குகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். பலர் ஷாக் அப்சர்பர் போய்விட்டது என்று சொல்லிப் புதிதாக வாங்கி மாட்டிவிடுகிறார்கள். ஷாக் அப்சர்பரின் வேலை ஆட்டத்தை அடக்குவது. சாதாரண ஷாக் அப்சர்பர் எடையைத் தாங்குவதில்லை. எடையைத் தாங்குவது ஸ்பிரிங். ஆகவே அந்தச் செலவு தண்டம் (ஆட்டம் குறையும் என்பது உண்மைதான், உயரம் கூடாது).

சரியாகப் பார்க்க ஒரு டேப் போதும். வண்டியைக் காலியாகச் சமதரையில் நிறுத்திவிட்டு, பின்சக்கரத்தின் நடுவிலிருந்து மேலே மட்கார்டு விளிம்பு வரை இரண்டு பக்கமும் அளக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் தாழ்ந்திருந்தால் அங்கே ஏதோ ஒரு பட்டை உடைந்திருக்கலாம், ஷாக்கிள் புஷ் தேய்ந்திருக்கலாம். இரண்டு பக்கமும் பழைய உயரத்தைவிடக் குறைந்திருந்தால் பட்டைகள் தளர்ந்துவிட்டன என்று பொருள். காலியாக இருக்கும்போது சரியாக நின்று, ஆள் ஏறியதும் மட்டும் அமுங்கினால்? அப்போது ஸ்பிரிங் மேல் குற்றமில்லை. சுமைதான் அதிகம்.

இந்த மூன்றாவது வகைதான் அதிகம். இதற்குத்தான் யாரும் மருந்து தேடுவதில்லை.

சுமை எவ்வளவு என்பதோடு எங்கே என்பதும் முக்கியம். சின்னக் கணக்குதான். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே இரண்டரை மீட்டர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பின் ஆக்சிலுக்கு ஒரு மீட்டர் பின்னால், படியில் ஐந்து பேர் நிற்கிறார்கள். ஆளுக்கு 55 கிலோ என்றால் 275 கிலோ. ஆனால் பின் ஆக்சிலில் கூடும் எடை 275 அல்ல, 385 கிலோ! மிச்ச 110 கிலோ எங்கிருந்து வந்தது? முன்சக்கரங்களிலிருந்து. சிறுவர் ஏற்றப்பலகை போலத்தான். பின்னால் அழுத்தினால் முன்னால் தூக்கும். முன்சக்கரம் லேசானால் ஸ்டியரிங்கின் பிடி குறைகிறது, முன் பிரேக்கின் பலமும் குறைகிறது. விளக்குகள் மேல்நோக்கி எரிந்து, பனிமூட்டத்தில் எதிரே வருபவரின் கண்ணைக் கூசவைக்கின்றன. கொண்டை ஊசி வளைவில் இதெல்லாம் ஒன்றுசேர்ந்தால் என்ன ஆகும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

சரி, பட்டை சேர்ப்பதே தப்பா? அப்படியும் சொல்ல முடியாது. தளர்ந்த பட்டைகளுக்குப் பதிலாகப் புதுக் கட்டு போடுவது நல்ல வேலை. பழைய பட்டையைச் சூடாக்கி அடித்து வளைவு ஏற்றுவது மலிவு. ஆனால் அதைச் சரியான சூட்டில் மறுபடி பதப்படுத்தாவிட்டால் சில மாதங்களில் பழையபடி படுத்துவிடும், அல்லது உடையும். எப்போதும் ஓரளவு சுமையோடு ஓடும் வண்டிக்கு, பாரம் ஏறியபிறகு மட்டும் வேலை செய்யும் ஹெல்பர் பட்டை பொருத்தமானது. கண்மூடித்தனமாக முழுநீளப் பட்டைகளைச் சேர்த்தால், காலியாகத் திரும்பும்போது வண்டி குதிக்கும். ஈரச் சாலையில் குதிக்கிற சக்கரத்துக்குப் பிடிமானம் ஏது? எதைச் செய்தாலும் யூ போல்ட்டைப் புதிதாகப் போட்டு, சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி முறுக்க வேண்டும். அதைச் செய்பவர்கள் மிகக் குறைவு.

இன்னொரு விஷயம் பட்டறையில் பெரும்பாலும் பேசப்படுவதே இல்லை. பல பிக்கப் வண்டிகளில், சுமைக்கு ஏற்பப் பின் பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஒரு வால்வு உண்டு. சேஸிஸுக்கும் ஆக்சிலுக்கும் உள்ள இடைவெளியை வைத்துத்தான் அது சுமையை அறிகிறது. பட்டை சேர்த்துப் பின்பக்கத்தைத் தூக்கிவிட்டால், முழுச் சுமையோடு போகும் வண்டியைக் காலி வண்டி என்று அது நினைத்துக்கொள்ளும்! பின் பிரேக் குறைவாகப் பிடிக்கும். அந்த வால்வையும் சேர்த்துச் சரிசெய்யாவிட்டால், நிமிர்ந்து நிற்கும் வண்டி அமுங்கிய வண்டியைவிட ஆபத்தானது.

ஸ்பிரிங் பலமானதால் வண்டியே பலமாகிவிடாது. ஆக்சில், பேரிங், டயர், பிரேக், சேஸிஸ் எல்லாம் அதே பழைய அளவுக்குச் செய்யப்பட்டவை. ஆர்.சி. புத்தகத்தில் போட்டிருக்கும் மொத்த எடை பட்டறையில் மாறுவதில்லை. ஊருக்கு ஊர் எடை மேடை இருக்கிறது. முழுச் சுமையோடு ஒரு தடவை ஏற்றிப் பார்த்துவிட்டுப் பிறகு பட்டறைக்குப் போகலாம். பின்சக்கரங்களை மட்டும் மேடையில் நிறுத்தினால் பின் ஆக்சிலின் எடையும் தெரிந்துவிடும்.

ஆனால் ஓட்டுநரை மட்டும் திட்டிப் பயனில்லை. கணக்கு அப்படி இருக்கிறது. 2019ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, கூடுதலாக ஏற்றும் ஒவ்வொரு பயணிக்கும் அபராதம் 200 ரூபாய். என்றாவது ஒரு நாள் மாட்டினால்தான் அதுவும். இரண்டாவது நடைக்கு ஆகும் டீசலும் நேரமும் தினசரிச் செலவு. வணிகவியல் முதலாண்டு மாணவனைக் கேட்டாலும் எது லாபம் என்று சொல்லிவிடுவான். தலைக்கு இவ்வளவு என்று வண்டிக் கூலி பேசும் இடங்களில், நடைக்கு இவ்வளவு என்று தோட்டக்காரர்கள் பேசட்டும். பத்துப் பேரோடு போனாலும் அதே கூலி என்றால் பின்படியில் ஆள் ஏற்ற எந்த ஓட்டுநருக்கு மனம் வரும்? அந்தக் கூடுதல் செலவு ஏலக்காய் விலையில் எங்கே தெரியப்போகிறது!