தாளம் தப்பிய மோட்டார்

மோட்டார் எஞ்சினுக்கும் தாளக்கட்டு உண்டு என்றால் சங்கீத வித்துவான்கள் கோபித்துக்கொள்ளக் கூடும். ஆனால் கணக்கைப் பாருங்கள். நான்கு சிலிண்டர் எஞ்சின் ஒன்று, வண்டி நிற்கும்போது நிமிஷத்துக்கு 750 சுற்று ஓடுகிறதென்றால், அந்த ஒரு நிமிஷத்தில் 1,500 முறை பொறி பறக்க வேண்டும், விநாடிக்கு 25. அம்பாஸடர் வண்டியில் அந்த வரிசை ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு. இதில் ஓர் அடி விழாமற்போனாலும் வண்டி முழுவதும் உதறும். பட்டறைக்காரர்கள் இதை 'மிஸ்ஸிங் அடிக்கிறது' என்பார்கள்.

ஏனாத்தூரில் என் சிநேகிதர் ஒருவர் வீட்டில் தகப்பனார் காலத்துப் பெட்ரோல் அம்பாஸடர் ஒன்று இருக்கிறது. உத்தரபாராத் தொழிற்சாலையில் 2014-ஆம் வருஷம் அவ்வண்டியின் உற்பத்தி நின்ற பிறகு, அதன்மேல் அவருக்குப் பாசம் இரட்டித்துவிட்டது. சென்ற மாதம் அது மிஸ்ஸிங் அடிக்கத் தொடங்கியது. ஒரு பட்டறையில், "சிலிண்டர் தேய்ந்துவிட்டது, எஞ்சினை இறக்க வேண்டும்" என்று தீர்ப்புச் சொன்னார்கள். கேட்ட தொகை, முகூர்த்தப் புடவைகள் சிலவற்றின் விலை. வண்டியை எடைக்குப் போட்டுவிடலாமா என்று அவர் என்னிடம் வந்து கேட்டார். பள்ளிக்கூடத்தில் காற்றழுத்தப் பாடம் நடத்துகிறவன் என்பதைத் தவிர எனக்கு வேறு யோக்கியதை கிடையாது. ஆயினும், நாடி பிடித்துப் பாராமல் அறுவைக்கு ஒப்புக்கொள்ளலாகாது என்றேன்.

முதலில் பிளக் ஒயர்களைப் பரீட்சித்தோம். எஞ்சின் ஓடும்போதே, ரப்பர்ப் பிடியுள்ள குறடால் ஒவ்வோர் ஒயராகக் கழற்றுவது. கழற்றியதை உபரிப் பிளக் ஒன்றில் செருகி, அதன் உலோகப் பகுதி எஞ்சின் உடம்பில் படும்படி வைப்பது. (வெறுங்கையால் தொட்டால் பல்லாயிரம் வோல்ட் பதில் சொல்லும்.) கழற்றியதும் ஓட்டம் தளர்ந்தால் அந்தச் சிலிண்டர் உழைக்கிறது என்று பொருள். எந்த வித்தியாசமும் தெரியாவிட்டால் அதுவே சோம்பேறி. பிறகு அதன் பிளக், ஒயர், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, வால்வு என்று வரிசையாகத் தேட வேண்டியதுதான். இந்த வண்டியிலோ நான்கும் ஒன்றுபோல் உழைத்தன! பிளக்குகளின் முனைகளும் புகைக்கரியின்றி வெளிறிக் கிடந்தன.

அப்புறம் ஒரு கேள்வி கேட்டேன்: "ரஸ்தாவில் வேகமாகப் போகும்போதும் உதறுகிறதா?" இல்லையாம். நின்றால்தான் உதறுகிறதாம்.

சங்கதி இங்கேதான் இருக்கிறது. எஞ்சின் மெல்ல ஓடும்போது கார்ப்புரேட்டரின் கதவு ஏறக்குறைய மூடியிருக்கும். பிஸ்டன்களோ இழுத்துக்கொண்டே இருக்கும். ஆகவே உட்குழாயில் 18 முதல் 20 அங்குலப் பாதரசம் அளவுக்கு வெற்றிடம் உண்டாகிறது. எங்கேனும் ஊசிமுனை விரிசல் இருந்தாலும் வெளிக்காற்று பாய்ந்து உள்ளே புகும். பெட்ரோல் ஒரு பங்குக்குக் காற்று சுமார் 14.7 பங்கு என்ற கணக்குக் கெட்டு, கலவை நீர்த்துப்போய், சில சமயம் பற்றாமலே போகும். ஆக்ஸிலரேட்டரை மிதித்தாலோ கதவு திறந்து, காற்று வெள்ளமாக வருகிறது, வெற்றிடமும் குறைகிறது. வெள்ளத்தில் இந்தச் சிறு கசிவு எம்மாத்திரம்! சிலிண்டர் தேய்ந்த எஞ்சின், வேகமெடுத்ததும் இப்படி யோக்கியனாக மாறிவிடாது.

சோக்கைச் சற்றே இழுத்துப் பார்த்தோம். பெட்ரோல் கொஞ்சம் கூடியதும் உதறல் அடங்கியது. காற்றுக் கசிவுதான் என்பதில் எனக்குச் சந்தேகம் தீர்ந்தது. சிலர் கசிவைக் கண்டுபிடிக்க மூட்டுகளில் பெட்ரோலைத் தெளிப்பார்கள். சூடான எஞ்சின்மேல் அப்படிச் செய்வது கொள்ளி வைப்பதற்குச் சமானம். நாங்கள் சோப்பு நீரைத் தூரிகையால் தடவினோம். கார்ப்புரேட்டர் அடியில் ஒன்றுமில்லை. கேஸ்கெட் ஓரத்திலும் ஒன்றுமில்லை. ரப்பர்க் குழாய்களை ஒவ்வொன்றாக விரலால் நெரித்து வந்தபோது, பருமனான ஒன்றை நெரித்ததும் எஞ்சின் சட்டென்று தாளத்துக்கு வந்தது. கிளிப்புக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், வெடிப்பு!

அது எந்தக் குழாய் என்று கண்டதும் என் உற்சாகம் போய்விட்டது. பிரேக்குக்குக் கால்பலம் கூட்டித் தரும் சர்வோவுக்குப் போகும் குழாய் அது. "கொஞ்ச நாளாகப் பிரேக் கல் மாதிரி இருக்கிறது, வயசாகிவிட்டது என் காலுக்கு என்று நினைத்தேன்" என்றார் சிநேகிதர். அந்தப் பிரேக்கோடு பேரக் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு சென்னை நெடுஞ்சாலையில் இருமுறை போய்வந்திருக்கிறார்.

குழாயையும் அதன் ஒருவழி வால்வையும் மாற்றச் செலவு சில நூறு ரூபாய்தான். மாற்றியபின், எஞ்சினை நிறுத்திப் பிரேக்கை நாலைந்து முறை மிதித்து, மிதித்தபடியே ஸ்டார்ட் செய்யச் சொன்னேன். கால் சற்றே கீழிறங்கியது. சர்வோ வேலை செய்கிறது.

இன்னும் ஒன்று பாக்கியிருந்தது. இப்போது பங்குகளில் விற்கும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். கரும்பு விவசாயிக்கு லாபம், அந்நிய எண்ணெய்க்குச் செலவு குறைவு, நல்ல காரியமே. ஆனால் எத்தனால் தன்னிலேயே பிராணவாயுவை வைத்திருப்பதால் பழைய கார்ப்புரேட்டரின் கலவை இன்னும் சற்று நீர்க்கும்; பழைய ரப்பருக்கும் அது ஆகாது. ஆகவே கலவைத் திருகை அரைச் சுற்றுத் திருத்தி, பெட்ரோல் குழாய்களையும் புதிதாக மாற்றினோம். எஞ்சின் இறங்கவில்லை. அந்த வெள்ளிக்கிழமையே சிநேகிதர் குடும்பத்தோடு வரதராஜப் பெருமாள் கோயிலுக்கு அதே வண்டியில் போனார். கோபுர வாசலில் வண்டி நின்றபோது உதறவில்லையாம்.