தாத்தாவின் ஆயுளும் பேரனின் கணக்கும்

சென்ற இதழில் வெளியான நண்பரின் கட்டுரையை முழுதாகப் படித்தேன். இருபத்தைந்து வயதில் கல்லுக்குண்டு மாதிரி இருக்கும் எவனுக்கும் மருத்துவக் காப்பீடு தேவையில்லை, எடுப்பவன் ஒன்று பயந்தாங்கொள்ளி, இல்லாவிட்டால் கணக்குத் தெரியாதவன் என்று தீர்ப்பே எழுதியிருக்கிறார். பதில் சொல்வதற்கு வள்ளுவரைத் துணைக்கு அழைக்கப் போவதில்லை. அவர் ஏற்கெனவே காப்பீட்டு நிறுவனங்களின் நாள்காட்டிகளில் கமிஷன் வாங்காத முகவராக ஆண்டு முழுவதும் உழைத்துக்கொண்டிருக்கிறார். தவிர, நண்பரின் வாதத்தைச் சாய்க்க அவ்வளவு பெரிய ஆளும் தேவையில்லை.

முதல் சாட்சி அவருடைய தாத்தா. தொண்ணூற்றிரண்டு வயது வரை கம்பங்கூழும் நடையுமாக இருந்து, ஆஸ்பத்திரி வாசலை மிதிக்காமலே போய்ச் சேர்ந்தவர். பெரியவருக்கு என் வணக்கம். மணிமேகலையில் அறவண அடிகள் பிழையான வாதங்களைப் பக்கப்போலி, ஏதுப்போலி, திட்டாந்தப்போலி என்று வகைபிரித்துச் சொல்கிறார். மூன்றாவதை விளக்க இந்தத் தாத்தா கிடைத்திருந்தால் சாத்தனாருக்குப் பாதி வேலை மிச்சமாகியிருக்கும். அவரோடு கூடப்பிறந்தவர்கள் எத்தனை பேர், அவர்களில் பேதியிலும் விஷக்காய்ச்சலிலும் பிரசவத்திலும் போனவர்கள் எத்தனை பேர் என்று நண்பர் வீட்டில் விசாரித்தாரா? தங்கியவர்தானே பேரனைத் தூக்கிக் கொஞ்ச முடியும்? செத்தவர்கள் கட்டுரைக்குச் சாட்சி சொல்ல வருவதில்லை என்பதே உறைக்காத ஒருவர் நமக்கு நிகழ்தகவு கற்றுக்கொடுக்கக் கிளம்பியிருக்கிறார்.

கணக்குக்கு வருவோம், நண்பர் நெஞ்சை நிமிர்த்துவது அங்கேதான். ஆண்டுக்குப் பத்தாயிரம் ரூபாய் பிரீமியம், அதைக் கட்டாமல் பரஸ்பர நிதியில் போட்டுவந்தால், 12 விழுக்காடு வளர்ச்சியில் 30 ஆண்டுகளில் 27 லட்சம் என்கிறார். பெருக்கல் சரிதான், போட்டுப் பார்த்தேன். கோளாறு பெருக்கலுக்கு முன்னாலேயே இருக்கிறது. நோய் முதிர்வுத் தேதி பார்த்து, முப்பதாவது ஆண்டின் கடைசி நாளில்தான் வந்து கதவைத் தட்டும் என்று அவருக்கு வாக்குக் கொடுத்தது யார்? இதே கணக்கில் ஐந்தாம் ஆண்டு முடிவில் கையில் இருப்பது 71,000 ரூபாய் சொச்சம். அது தனியார் மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் எத்தனை நாளைக்குத் தாங்கும் என்பதை, அந்தப் பிரிவின் வாசலில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மீதிக்கு எங்கே போவது? நகை அடகுக்கடைக்கா, மீட்டர் வட்டிக்காரரிடமா? பாலிசி எடுத்தவனுக்கு முதல் 30 நாள் கழிந்ததும், காத்திருப்புப் பட்டியலில் உள்ள சில நோய்கள் நீங்கலாக, காப்பீட்டுத் தொகை முழுவதும் திறந்திருக்கிறது. விபத்தென்றால் அந்த 30 நாள்கூடக் கிடையாது.

சரி, அதிர்ஷ்டம் அவர் பக்கம், 30 ஆண்டும் தும்மல்கூட வரவில்லை என்றே வைத்துக்கொள்வோம். மருத்துவச் செலவு ஆண்டுக்குப் பத்து விழுக்காடு ஏறினால், அன்றைய 27 லட்சத்தை வைத்து வாங்கக்கூடிய வைத்தியம் இன்றைய ஒன்றரை லட்சத்துக்கு வாங்கக்கூடியதுதான். வரவுப் பக்கத்தில் கூட்டுவட்டியை அவ்வளவு பக்தியோடு வழிபடுகிறவருக்குச் செலவுப் பக்கம் வந்ததும் நாத்திகம் பிடித்துக்கொள்வது ஏன்? (வயது ஏற ஏறப் பிரீமியமும் ஏறும் என்பது அவருடைய வாதத்துக்கு வலு சேர்க்கக்கூடிய உண்மை. அதையும் அவர் தவறவிட்டிருக்கிறார். எதிராளியின் வாதத்தை நானே செப்பனிட்டுக் கொடுத்துவிட்டு மறுக்க வேண்டியிருக்கிறது, என்ன செய்ய.)

இதுவரை சொன்னது வெறும் சொதப்பல். இனி வருவது இளைஞர்களைக் குழியில் தள்ளும் யோசனை: இப்போது வேண்டாம், நாற்பத்தைந்தில் வாங்கிக்கொள்ளலாம் என்பது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024 ஏப்ரலில் 65 வயது வரம்பையே எடுத்துவிட்டதே, இனி என்ன அவசரம் என்று ஒரு விதியைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறார். வயதைக் காட்டிக் கதவைச் சாத்தாதே என்று சொல்வது வேறு, வருகிறவர் அத்தனை பேரையும் உள்ளே விடு என்று சொல்வது வேறு என்பதைப் பிரித்துப் பார்க்க சட்டப் படிப்பா வேண்டும்? விண்ணப்பத்தையும் ரத்தப் பரிசோதனை அறிக்கையையும் பார்த்துவிட்டுப் பிரீமியத்தைக் கூட்டிச் சொல்லவும், உங்களுக்குத் தர இயலாது என்று மரியாதையாகக் கடிதம் அனுப்பவும் நிறுவனங்களுக்கு இன்றைக்கும் அதிகாரம் உண்டு.

அதே 2024-இல் வந்த மற்ற விதிகளை அவர் ஏன் தொடவில்லை என்பதுதான் சுவாரசியம். ஏற்கெனவே உள்ள நோய்களுக்கான காத்திருப்புக் காலம் அதிகபட்சம் 48 மாதம் என்றிருந்தது, 36 ஆகக் குறைந்தது. தொடர்ந்து 60 மாதம் பாலிசியை விடாமல் வைத்திருப்பவரின் கோரிக்கையை, மோசடி என்று நிரூபித்தாலொழிய, அன்றைக்கு விண்ணப்பத்தில் இதைச் சொல்லவில்லையே என்று கிளறித் தட்டிக்கழிக்க முடியாது. இதற்கு முன்பு எட்டு ஆண்டு இருந்தது. ஒருமுறை பெரிய செலவு வைத்துவிட்டான் என்பதற்காகப் புதுப்பிக்க மறுப்பதோ, அவன் ஒருவனுக்கு மட்டும் பிரீமியத்தை ஏற்றுவதோ கூடாது என்பது அதற்கும் முந்தைய விதி. இவற்றை வரிசையாக வைத்துப் பார்க்கும் வாசகருக்கு நான் மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை. இருபத்தைந்து வயதுக்காரன் தரும் பணம் அந்த ஆண்டின் காய்ச்சலுக்கான விலை என்று நினைத்துக்கொண்டிருப்பது நண்பர் மட்டும்தான். நோயற்ற காலத்திலேயே காத்திருப்பைக் கழித்து, முப்பது வயதில் யாரும் அசைக்க முடியாத ஓர் ஒப்பந்தத்தின் மீது உட்கார்ந்துகொள்வதற்கு அவன் விலை கொடுக்கிறான். அந்த விலையில் பணம் ஒரு பகுதி, ஆரோக்கியம் மறுபகுதி. நன்றாகத்தானே இருக்கிறேன், எதற்கு என்று கேட்பது, கண் நன்றாகத் தெரிகிறதே, ஓட்டுநர் உரிமத்தைப் பார்வை மங்கிய பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்பதைப் போன்றது.

அந்த நன்றாகத்தான் இருக்கிறேன் என்பதும் யார் சொன்னது? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவோடு நடந்து 2023-இல் வெளியான ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு, இன்னும் 13.6 கோடிப் பேர் அதற்கு முந்தைய படியில் நிற்கிறார்கள் என்றது. அந்த ஆய்வில் சென்னைக்குப் பெரும் பங்கு உண்டு, ஆராய்ச்சியிலும் சரி, சர்க்கரையிலும் சரி. தனக்கு நோய் இல்லை என்பவர்களில் பலர் பரிசோதனை செய்துகொள்ளாதவர்கள்.

1970-இல் ஜார்ஜ் அக்கர்லாஃப் பழைய கார் வியாபாரத்தை வைத்து எழுதிய கட்டுரை பின்னாளில் அவருக்கு நோபல் பரிசு வாங்கித் தந்தது. 65 வயதைத் தாண்டியவர்களுக்கு ஏன் மருத்துவக் காப்பீடு எளிதில் கிடைப்பதில்லை என்ற கேள்வியை அவர் அதில் எடுத்துக்கொள்கிறார். விலையை ஏற்றினால், தன் உடம்பைப் பற்றித் தனக்கே சந்தேகம் உள்ளவர்கள் மட்டும் வாங்க வருவார்கள்; அதனால் விலை இன்னும் ஏறும்; கடைசியில் சந்தையே காணாமல் போகும். நண்பரின் உபதேசத்தைத் தமிழ்நாட்டு இளைஞர்கள் எல்லோரும் தலைமேல் வைத்துக்கொண்டால், நாற்பத்தைந்தில் அவர் வாங்கப்போகும் பாலிசியின் விலையை ஏற்றிவைத்த புண்ணியம் அவரையே சேரும்.

விபத்து என்ற சொல் அவருடைய கட்டுரையில் ஓரிடத்திலும் இல்லை. 2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கு 18 முதல் 45 வயதுக்குள். அந்த ஆண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடம் நம் மாநிலத்துக்கு. கிழக்குக் கடற்கரைச் சாலையில் எதிரே வரும் தண்ணீர் லாரி, தம்பி கம்பங்கூழ் குடிக்கிற பரம்பரையா என்று விசாரித்துவிட்டா மோதுகிறது?

அரசு இருக்கிறதே என்று இதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிறார். இருக்கிறது. நானும் அதைப் பெருமையோடு சொல்வேன். 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கிய இன்னுயிர் காப்போம் திட்டத்தில், விபத்தில் அடிபட்டவர் யாராக இருந்தாலும், வருமானம் கேட்காமல், முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். நாற்பத்தொன்பதாவது மணி நேரத்தில்? முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டம் குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் வரை தருகிறது. குடும்ப வருமானம் 1,20,000 ரூபாயைத் தாண்டாதவர்களுக்கு. அந்த வரம்புக்குள் இருக்கும் இளைஞர் தனியார் பாலிசிக்கு அலைய வேண்டாம் என்று நண்பர் எழுதியிருந்தால் நான் கையெழுத்துப் போட்டிருப்பேன். மாதச் சம்பளம் 21,000-க்குள் இருந்து இ.எஸ்.ஐ. பிடித்தம் போகிறவருக்கும் இந்த அவசரம் கிடையாது. ஆனால் நண்பர் பேசுவது மாதாமாதம் பரஸ்பர நிதியில் பணம் போட வசதியுள்ளவனிடம்! அவனுக்கு எந்த அட்டையும் கிடைக்காது. அரசுப் பொது மருத்துவமனை மட்டும் மிச்சம், அதன் மருத்துவர்கள் தங்கமானவர்கள், சந்தேகமில்லை. கட்டுரையின் தொடக்கத்தில் வருமான வரியை வழிப்பறி என்று திட்டியவர் நடுவில் வந்து அந்த வழிப்பறிப் பணத்தில் நடக்கும் வார்டில் படுத்துக்கொள்ளலாம் என்று வழிகாட்டுகிறார். இரண்டு பத்திகளையும் எழுதியது ஒரே ஆள்தானா?

அடுத்து, அலுவலகக் குழுக் காப்பீடே போதும் என்கிறார். தன் அப்பாவுக்கு நடந்த இதய அறுவைச் சிகிச்சையைச் சொல்லி, செலவை அலுவலகம் பார்த்துக்கொண்டது என்று நன்றியோடு எழுதுகிறார். அலுவலகம் பார்த்துக்கொள்ளவில்லை, ஐயா. பார்த்துக்கொண்டது காப்பீடு. எதை வேண்டாமென்று நான்கு பக்கம் எழுதினீர்களோ அதுதான். அந்தக் காப்பீடும் வேலையில் இருக்கும் வரைதான். ஓ.எம்.ஆர். சாலைக் கண்ணாடிக் கட்டடங்களில் மனிதவளத் துறை அறைக்கு ஒரு மதியம் அழைக்கப்பட்டவர்களுக்கு, அடையாள அட்டையோடு சேர்த்து எதைக் கழற்றிக் கொடுத்தோம் என்பது தெரியும். அதே நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாறிக்கொள்ள வழி உண்டு. அங்கேயும் உடம்பைப் பரிசீலிப்பார்கள். நீண்ட நோயில் விழுந்தவனுக்குத்தான் முதலில் வேலை போகிறது என்பதை யோசித்தால், குழுக் காப்பீடு மிகவும் தேவைப்படும் நேரத்தில் கைவிடும் தன்மையது என்பது புரியும்.

நிறுவனங்கள் ஏமாற்றுகின்றன என்ற குற்றச்சாட்டில் மட்டும் அவர் தரையில் கால் வைக்கிறார், அதுவும் அரைக்கால். தனி மருத்துவக் காப்பீட்டு நிறுவனங்கள் வாங்கும் நூறு ரூபாயில் நோயாளிக்குத் திரும்புவது அறுபது சொச்சம். இதை எந்த நாகரிகமான சொல்லால் அழைப்பது என்று எனக்கும் தெரியவில்லை. அறை வாடகை வரம்பு என்ற கண்ணிவெடியை அவர் சொல்லவே இல்லை. நாளுக்கு 5,000 வரம்புள்ள பாலிசியை வைத்துக்கொண்டு 8,000 ரூபாய் அறையில் படுத்தால், வெட்டு வாடகையோடு நிற்காது. மருத்துவர் கட்டணம், அறுவை அரங்கக் கட்டணம் என்று பலவற்றிலும் எட்டில் ஐந்து பங்குதான் கிடைக்கும். மருந்துக்கும் உள்ளே பொருத்தும் கருவிகளுக்கும் இந்த விகித வெட்டு கூடாது என்று விதி இருக்கிறது, பலருக்குத் தெரியாது. இவையெல்லாம் எந்தப் பாலிசியை வாங்கக் கூடாது என்பதற்கான காரணங்கள். எதையுமே வாங்காதே என்று இவற்றிலிருந்து தாவ அனுமனுக்குத்தான் முடியும். 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. கொள்ளை என்று ஒரு பத்தி முழுக்கக் கொதித்திருக்கிறார். தனிநபர் பாலிசிகளுக்கு அந்த வரி 2025 செப்டம்பர் 22 முதல் இல்லை. கொதிப்பதற்கு முன் நாளிதழைப் புரட்டியிருக்கலாம். வரிச்சலுகைக்காக வாங்காதே என்று சொன்னது சரி, புதிய வரிமுறையில் 80டி கழிவே கிடையாது.

படித்த மனிதர் ஒருவர் இத்தனை ஓட்டைகளோடு ஏன் ஒரு கட்டுரை எழுதுகிறார் என்று யோசித்துக்கொண்டே கீழே வந்தேன். அறிமுகக் குறிப்பில் விடை இருந்தது: மென்பொருள் துறையில் பணி, பகுதி நேரமாகப் பரஸ்பர நிதி விநியோகம். விநியோகஸ்தர் மூலம் போட்ட பணம் நிதியில் கிடக்கும் வரை ஆண்டுதோறும் அவருக்கு ஒரு பங்கு போய்க்கொண்டே இருக்கும். காப்பீட்டு முகவரும் கமிஷனுக்குத்தான் பேசுகிறார். ஆனால் அவர் முகவர் என்று சொல்லிக்கொண்டு வந்து சோபாவில் உட்காருகிறார், சிந்தனையாளர் என்று சொல்லிக்கொண்டு இல்லை.

நண்பர் அடுத்த இதழில் பதில் எழுதாமல் இருக்க மாட்டார். அப்போது, தன் வாடிக்கையாளர்களுக்குக் கமிஷன் இல்லாத நேரடித் திட்டங்களைப் பரிந்துரைக்கிறாரா என்பதைச் சொல்லட்டும். அலுவலகக் குழுக் காப்பீட்டிலிருந்து தன் பெயரையும் அப்பாவின் பெயரையும் நீக்கச் சொல்லி மனிதவளத் துறைக்கு அவர் அனுப்பிய கடிதத்தின் நகலையும் சேர்த்து அனுப்பினால், ஆசிரியர் அவருக்குக் கூடுதலாக ஒரு பக்கம் ஒதுக்கத் தயங்க மாட்டார்.