பாக்கெட் டூலை நம்பி கேபினெட்டைத் திறக்காதீர்கள்!

கத்தி, பிளேயர், ஸ்க்ரூ டிரைவர் எல்லாம் மடங்கி பாக்கெட்டில் அடங்கும் மல்டிடூல் ஒன்றை நடைபாதைக் கடையில் 150 ரூபாய்க்கு வாங்கினேன். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றும்போது மூன்றாவது ஸ்க்ரூவில் முனை வழுக்கியது. டூலும் மழுங்கியது, ஸ்க்ரூவின் தலையும் தேய்ந்தது. அந்த ஒரு ஸ்க்ரூவை எடுக்க சர்வீஸ் கடையில் கொடுத்த கூலி டூலின் விலையைவிட அதிகம்!

காரணம் இரண்டு. ஒன்று, சரியாகப் பதப்படுத்தாத மெத்தென்ற எஃகு. மற்றொன்று, முனையின் அமைப்பு. மடக்குவதற்காக அதைத் தட்டையான தகட்டில் வெட்டியிருக்கிறார்கள். ஸ்டார் ஸ்க்ரூவின் நான்கு பள்ளங்களில் எதிரெதிரான இரண்டில் மட்டுமே அது உட்காரும். இந்த அமைப்பு பெயர்பெற்ற கம்பெனிகளின் சிறிய டூல்களிலும் உண்டு. ஆனால் அவற்றின் எஃகு தாங்கும்.

வாங்கும் முன் பிளேயரை மூடி வெளிச்சத்தில் பாருங்கள். தாடைகளின் நுனியில் இடைவெளி தெரிந்தால் வேண்டாம். டிரைவரை விரித்துப் பக்கவாட்டில் அசையுங்கள். ஆடினால் அதுவும் வேண்டாம்.

பார்சல் பிரிக்க, கேபிள் டை வெட்ட பாக்கெட் டூல் போதும். கேபினெட்டுக்கு 2-ம் நம்பர் ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர் ஒன்றைத் தனியாக வாங்கி வையுங்கள். செலவு குறைவு, நிம்மதி அதிகம்.