முற்றுகையில் கிறிஸ்துமஸ்

செஞ்சிக் கோட்டையை மொகலாயப் படை 1690 முதல் 1698 வரை முற்றுகையிட்டது. அதே ஊரில் டிசம்பர் பிறந்தால் கிறிஸ்தவ வீடுகளும் முற்றுகைக்கு ஆளாகின்றன. வெள்ளையடிப்பு, துணிமணி, பலகாரம், இரவெல்லாம் கேரல் பாட்டு! கோயிலில் பத்து நிமிஷம் சும்மா உட்கார நேரமில்லை என்று பெண்கள் குறைப்படுகிறார்கள். நியாயமான குறைதான்.

ஆனால், கத்தோலிக்கத் திருச்சபை வகுத்த முறை இதுவல்ல. கிறிஸ்துமஸுக்கு முந்திய நான்கு ஞாயிறுகளும் திருவருகைக் காலம். அதாவது, காத்திருக்கும் காலம். குருவானவர் அப்போது பெரும்பாலும் ஊதா உடைதான் அணிவார். ஞாயிறு பூசையில் வானவர் கீதம்கூடக் கிடையாது. கொண்டாட்டம் 25-ந் தேதிதான் தொடங்குகிறது. ஜனவரியில் ஆண்டவரின் ஞானஸ்நானத் திருநாள் வரை நீடிக்கிறது. நம்மவர்களோ காத்திருக்க வேண்டிய நாட்களில் கொண்டாடித் தீர்த்துவிட்டு, 26-ந் தேதி களைத்துப் படுத்து விடுகிறார்கள்!

அமைதி தேடி ராஜகிரி மலை மேல் ஏற வேண்டியதில்லை. கேரல் பவனியை 25-க்குப் பிறகு வைத்துக் கொண்டால் என்ன? பலகாரத்தில் பாதியை அப்போது சுட்டால் யார் கோபிக்கப் போகிறார்கள்? பக்கத்துச் சேத்துப்பட்டில் தாராஸ் சுவாமி எழுப்பிய லூர்து மாதா கோயிலுக்கும் அந்த வாரத்தில் குடும்பத்தோடு போய், அவசரமில்லாமல் முழந்தாளிட்டு வரலாம்.

பாலன் குடிலையும் அவசரப்பட்டுப் பிரிக்காதீர்கள். மூன்று ராஜாக்கள் திருநாள் ஜனவரியில்தான் வருகிறது. அதற்குள் குடிலை மூட்டை கட்டிப் பரணில் போட்டுவிட்டால், அத்தனை தூரம் ஒட்டகத்தில் வருகிறவர்கள் எந்த வீட்டுக் கதவைத் தட்டுவார்கள்?