காலி அறையில் ரயில் விட்டால் குற்றமா?

"அம்பது வயசுல பொம்மை ரயிலா? அந்த ரூமை வாடகைக்கு விட்டா மாசம் காசாவது வரும்!"

மூலக்குளத்தில் ஒரு நண்பருக்கு உறவினர்கள் சொன்ன புத்திமதி இது. மகன் வெளியூர் வேலைக்குப் போனதும் காலியான பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில், புதுச்சேரி–விழுப்புரம் ரயில் பாதையை மாதிரியாக அமைக்க ஆசைப்பட்டதுதான் அவர் செய்த தப்பு.

உங்கள் வீட்டுக் காலி அறையில் என்ன இருக்கிறது? பழைய சூட்கேஸ், துணி காயும் டிரெட்மில், வராத விருந்தாளிக்கு ஒரு கட்டில். அவை என்ன வாடகை தருகின்றன?

பி.காம். படித்தவன், கணக்கோடு பேசுகிறேன். எச்.ஓ. அளவு என்றால் நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு. தண்டவாள இடைவெளி 16.5 மில்லிமீட்டர். சுமார் 38 கிலோமீட்டர் பாதையை அப்படிச் சுருக்கினாலும் 430 மீட்டருக்கு மேல் வரும்! பதினைந்து பெட்டி ரயிலே பன்னிரண்டு அடியைத் தாண்டும். அப்படியானால் வில்லியனூரை வைப்பதா, வளவனூரை விடுவதா? ரயில் தடம் புரண்டால் கை எட்ட வேண்டும். எனவே பலகை சுவரோரமாக, இரண்டரை அடி அகலத்துக்குள். இதற்குப் பெயர் பொம்மை விளையாட்டா?

புனேயில் பாவ்சாகேப் ஜோஷியின் இதே 'பைத்தியம்' 1998-ல் மியூசியமானது. டிக்கெட் வாங்கிப் பார்க்கிறோம். அடுத்த வீட்டுக்காரர் செய்தால் மட்டும் சிரிப்போம்.

நண்பரே, எஞ்சினுக்கு முன் பென்சில் வாங்குங்கள். முதலில் வரைபடம்.

"பையன் லீவுக்கு வந்தா எங்கே படுப்பான்?" என்கிறார்களாம். ஹாலில் படுக்கட்டும். இத்தனை வருஷம் அறையை விட்டுக்கொடுத்தது அப்பாதானே?