இணைக்க முடியவில்லை: யாரால்?

கணினித் திரையில் தோன்றும் ‘இணைக்க முடியவில்லை’ என்னும் தொடரை இலக்கண நோக்கில் அணுகினால் ஒரு நுட்பமான ஏய்ப்பு புலப்படும். ‘முடிதல்’ என்னும் வினை தமிழில் செய்வோரை ‘ஆல்’ உருபோடு ஏற்கிறது: என்னால் முடியவில்லை, அவரால் முடியவில்லை. திரையில் அந்த ‘ஆல்’ இல்லை. விடுபட்ட இடத்தைப் படிப்பவரே நிரப்பிக்கொள்கிறார். பெரும்பாலும் ‘என்னால்’ என்றே நிரப்புகிறார். பல்கலைக்கழகத்தின் விபிஎன் இணைப்பு கிட்டாத ஆய்வு மாணவர் முதலில் தம் கடவுச்சொல்லை ஐயுறுகிறார், அடுத்துத் தம் மடிக்கணினியை, இறுதியில் தம் திறமையையே. பிழை யாருடையது என்று முதலில் கேட்கும் பழக்கம் ஆய்வுலகில் இன்னும் வேரூன்றவில்லை.

கொச்சியின் தோப்பும்படியை எடுத்துக்கொள்வோம். மீன்பிடித் துறைமுகமும் வெலிங்டன் தீவுக்குச் செல்லும் பழைய துறைமுகப் பாலமும் உள்ள அவ்வூரில் மொழியியலாருக்கு வேலை மிகுதி. குமரி மாவட்டத்துத் தூத்தூர்ப் பகுதியிலிருந்து வந்து ஆழ்கடல் விசைப்படகுகளில் தொழில் செய்வோரின் தமிழ் ஒருபுறம். சற்றுத் தள்ளி மட்டாஞ்சேரியில் கொங்கணியும் குசராத்தியும் கச்சியும் தமிழும் மலையாளத்தோடு அடுத்தடுத்த தெருக்களில் வழங்குவது மறுபுறம். இத்தகைய இடத்தில் வாடகை அறையெடுத்துக் களப்பணி செய்யும் ஒருவருக்கு, பதிவுகளைக் கேட்டு எழுதி முடித்த பின்னிரவில்தான் மொழித்தொடர்பு பற்றிய ஓர் ஆய்விதழ்க் கட்டுரை தேவைப்படும். நூலகமோ வேறு மாவட்டத்தில். சிலருக்கு வேறு மாநிலத்தில்.

இணைய வசதிக்கு அங்கே பஞ்சமில்லை என்பதையும் சொல்லவேண்டும். தென்னாப்பிரிக்காவிலிருந்து மலேசியா வரை செல்லும் ‘சேஃப்’ என்னும் கடலடி வடம் கொச்சியில் கரையேறுகிறது. கேரள அரசின் கேஃபோன் கண்ணாடியிழை வலையமைப்பு 2023 ஜூனில் தொடங்கிவைக்கப்பட்டது. இணையத்தை அணுகும் உரிமை கல்வியுரிமையின் பகுதி என்று கேரள உயர் நீதிமன்றம் 2019 செப்டம்பரில், விடுதி மாணவியான பஹீமா ஷிரின் தொடுத்த வழக்கில், தீர்ப்பளித்தது. வடமும் தீர்ப்பும் இருந்தும் கட்டுரை திறக்கவில்லை என்றால், தடை வேறெங்கோ இருக்கிறது.

அந்தத் தடையின் பெயர் ஐபி முகவரி. பதிப்பகங்கள் சந்தா செலுத்திய நிறுவனத்தை அதன் இணைய முகவரி எண்களைக் கொண்டே பெரும்பாலும் அடையாளம் காண்கின்றன. கோரிக்கை வளாகத்து எண்ணிலிருந்து வந்தால் கதவு திறக்கும்; தோப்பும்படியிலிருந்து வந்தால் கட்டணம் கேட்கும். படிப்பவர் யார் என்பது பொருட்டன்று; எந்தக் கட்டடத்திலிருந்து படிக்கிறார் என்பதே பொருட்டு. விபிஎன் செய்வது, வீட்டுக் கணினியிலிருந்து வளாகம் வரை மறைகுறியாக்கப்பட்ட ஒரு சுரங்கவழி அமைத்து, அக்கணினி வளாகத்தில் இருப்பதாகக் காட்டுவது. (இதனை ‘மெய்நிகர் தனியார் பிணையம்’ என்று தமிழாக்கியவர்கள், ‘தனியார்’ என்பது தமிழில் அரசு சாராதோரைக் குறிக்கும் ஆட்பெயர் என்பதை மறந்துவிட்டார்கள். அரசுப் பல்கலைக்கழகம் நடத்தும் தனியார் பிணையம்! ‘தனிப்பிணையம்’ போதுமானது.)

இணைப்பு பழுதானால் அதைத் தேடிச் சரிசெய்யும் வேலையில் முதற்கேள்வி, பிழை மூவரில் யாருடையது என்பதே: மாணவருடையதா, இணையச் சேவை தருவோருடையதா, பல்கலைக்கழகத்துடையதா. மாணவருடையவை எண்ணிக்கையில் சில. விண்டோஸில் 691 என்ற பிழையெண் வந்தால் பயனர்பெயரையோ கடவுச்சொல்லையோ வழங்கி ஏற்கவில்லை என்று கொள்ளலாம். பழைய மடிக்கணினியில் உள்மின்கலம் தீர்ந்து நாட்காட்டி பல ஆண்டு பின்னே போயிருந்தால், வழங்கியின் சான்றிதழ் ‘இன்னும் செல்லுபடியாகவில்லை’ என்று கணினி மறுக்கும். தேதியைத் திருத்தினால் போதும். இவற்றைத் தாண்டியவற்றில் மாணவரின் பங்கு மிகக் குறைவு.

சேவை தருவோரின் பிழையைக் கண்டறிய எளிய வழி, வலையமைப்பை மாற்றிப் பார்ப்பது. வீட்டு அகன்ற அலைவரிசையில் தோற்கும் இணைப்பு கைபேசியின் ஹாட்ஸ்பாட்டில் நடந்தால் கணினியின்மீது குற்றமில்லை. பல சந்தாதாரர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னே அடுக்கும் முறையைச் சேவை நிறுவனங்கள் கையாள்கின்றன. பழைய வகை விபிஎன் நெறிமுறைகள் அந்த அடுக்கைக் கடக்கத் தடுமாறுகின்றன. 809 என்னும் பிழையெண் பெரும்பாலும் இத்தகைய இடைத்தடையைச் சுட்டும். சிக்கல் இங்கே என்றால், வலைத்தளங்களுக்கான டிசிபி 443 வாயில் வழியாகவும் இணைய ஏற்பாடு செய்துவைப்பது பெரும்பாலும் பயன்தரும். அதைச் செய்யவேண்டியவர் மாணவர் அல்லர்.

மூன்றாம் வகைதான் கொடியது. ஏனெனில் அதில் பிழைச்செய்தியே வருவதில்லை. ‘இணைக்கப்பட்டது’ என்று திரை பச்சைநிறத்தில் சொல்கிறது, ஆயினும் பதிப்பகத்தின் தளம் கட்டணம் கேட்கிறது. காரணம், சுரங்கவழியைப் பிரித்துவைக்கும் அமைப்பு. வளாகத்தின் உள்முகவரிகளுக்குச் செல்லும் போக்குவரத்து மட்டும் சுரங்கத்தில் போகும். மற்றவை வழக்கமான பாதையில் போகும். அலைவரிசையைச் சேமிக்கும் நோக்கில் நிர்வாகிகள் இதனைத் தேர்கிறார்கள். ஆனால் பதிப்பகத்தின் தளம் வளாகத்துக்கு வெளியே இருப்பது. அதற்குச் செல்லும் கோரிக்கை தோப்பும்படியிலிருந்தே புறப்படுகிறது. பதிப்பகம் வளாகத்து எண்ணைக் காண்பதே இல்லை. நூலகத்துக்காகத் திறக்கப்பட்ட சுரங்கம் நூலகப் பயன்பாட்டையே வெளியே விட்டுவிடுகிறது. இதனைச் சோதிக்க ஒரு நிமிடம் போதும்: தம் ஐபி முகவரியைக் காட்டும் ஏதேனும் ஒரு தளத்தை இணைப்புக்கு முன்னும் பின்னும் திறந்து பார்க்கவேண்டும். எண் மாறவில்லையென்றால் மென்பொருளை நீக்கி மீண்டும் நிறுவுவதால் பயனில்லை. விண்டோஸின் உள்ளமைந்த விபிஎன்னாக இருந்தால், தொலைப் பிணையத்தின் இயல்பு நுழைவாயிலைப் பயன்படுத்தும் தெரிவு இயக்கப்பட்டுள்ளதா என்று பார்க்கலாம். பல்கலைக்கழகம் தரும் தனி மென்பொருளானால் அந்தத் தெரிவு பெரும்பாலும் பயனர் கையில் இராது.

இன்னொன்று, சிறிய பக்கங்கள் திறக்கின்றன, பெரிய பிடிஎஃப் கோப்பு பாதியில் உறைந்துவிடுகிறது. ஈதர்நெட்டில் ஒரு தரவுப்பொதி இயல்பாக 1500 பைட்டு வரை சுமக்கும். சுரங்கவழி தன் உறைகளை அதன்மேல் சுற்றுவதால் உள்ளே இடம் குறைகிறது. வயர்கார்டு நெறிமுறை இயல்பாக 1420 என்று வைத்துக்கொள்வது அதனால்தான். இந்த அளவு சரியாக அமைக்கப்படாமலும், இடையிலுள்ள ஏதேனும் ஒரு தடுப்புச்சுவர் ‘பொதி பெரிது’ என்னும் அறிவிப்பை விழுங்கிவிட்டாலும், பெரிய பொதிகள் ஓசையின்றி மறைந்துபோகும். உள்ளடக்கப் பட்டியல் கிடைக்கும், கட்டுரை கிடைக்காது. மாணவர் தம் இணைய வேகத்தைப் பழிக்கிறார், மேலும் விலையுயர்ந்த திட்டத்துக்குப் பணம் கட்டுகிறார். கல்வி உதவித்தொகை மாதக்கணக்கில் தாமதமாகும் ஒரு துறையில் இது சிறிய செலவன்று.

இந்த அலைச்சலில் சலித்தவர்கள் இலவச விபிஎன் செயலியை நிறுவுவதும் உண்டு. அது பெயரால் மட்டுமே உறவு. அந்தச் செயலி வளாகத்து முகவரியைத் தராது. வேறொரு நாட்டு முகவரியைத் தரும். பதிப்பகத்துக்கு அது மேலும் அந்நியம். போதாக்குறைக்கு, வளாகச் சுரங்கத்தோடு மோதி உள்ளதையும் கெடுக்கும். 2022 ஏப்ரல் 28 அன்று செர்ட்-இன் வெளியிட்ட ஆணை விபிஎன் நிறுவனங்கள் பயனர் விவரங்களை ஐந்தாண்டு வைத்திருக்கவேண்டும் என்றது. அதன்பின் நார்ட்விபிஎன், எக்ஸ்பிரஸ்விபிஎன் போன்றவை இந்தியாவிலிருந்த தம் வழங்கிகளை அகற்றின. நிறுவனங்கள் தம் உறுப்பினருக்காக நடத்தும் விபிஎன் அந்த ஆணையின் இலக்கன்று. ஆயினும் ‘விபிஎன்’ என்ற சொல்லைக் கேட்டாலே சட்டவிரோதம் என்று அஞ்சும் மாணவர்கள் இருக்கிறார்கள். அந்த அச்சத்தைப் போக்க நூலக அறிவிப்பில் ஒரு வரி போதும்.

கட்டடத்தை விட்டு ஆளை அடையாளம் காணும் முறையும் இல்லாமலில்லை. ஒருவர் தம் நிறுவனக் கணக்கில் உள்நுழைய, ‘இவர் எங்களவர்’ என்று நிறுவனம் பதிப்பகத்துக்குச் சான்று சொல்லும் கூட்டமைப்பு முறை அது. காந்திநகரிலுள்ள இன்ஃப்லிப்நெட் மையம் ‘இன்ஃபெட்’ என்ற பெயரில் அதனை நடத்துகிறது. அதன் அடிப்படை மென்பொருளுக்குப் பெயர் ‘ஷிபோலெத்’. எபிரேய மறைநூலின் நியாயாதிபதிகள் பகுதியில் யோர்தான் துறையைக் கடக்க வந்தோரை அச்சொல்லைச் சொல்லச் சொன்னார்கள்; ‘ஷ’கரம் வராமல் ‘சிபோலெத்’ என்றவர்கள் கொல்லப்பட்டார்கள். ச, ஷ வேறுபாட்டைப் பொருட்படுத்தாத பேச்சுத் தமிழர் பலரும் அந்தத் துறையில் தப்பியிருக்கமாட்டார்கள். அத்தனை கொடிய பெயர் கொண்ட மென்பொருள்தான் இன்று களப்பணி மாணவருக்கு விபிஎன்னைவிடக் கனிவான வழி என்பது மொழியின் விளையாட்டு.

2024 நவம்பர் 25 அன்று நடுவண் அமைச்சரவை ஒப்புதல் அளித்த ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம், 2025 முதல் மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாயை ஒதுக்கியது. 30 பதிப்பகங்கள், ஏறத்தாழ 13,000 இதழ்கள், 6,300க்கு மேற்பட்ட அரசு நிறுவனங்கள் அதில் அடங்கும். இதனை நடைமுறைப்படுத்துவதும் இன்ஃப்லிப்நெட்தான். இவ்வளவு பெரிய தொகைக்கு வாங்கப்பட்ட வாசிப்பு, ஒரு வழங்கியின் தவறான அமைப்பினால் வளாக மதிலுக்குள் அடங்கிவிடக்கூடாது. கூட்டமைப்பில் ஏற்கெனவே சேர்ந்த நிறுவனங்கள்கூட அதைத் தம் மாணவருக்குச் சொல்லாதிருப்பதும், கணக்கு உருவாக்கித் தராதிருப்பதும் பணப்பற்றாக்குறையால் வருவன அல்ல, அசட்டையால் வருவன.

எதிர்வாதம் ஒன்றுண்டு, அதை மதிக்கவேண்டும். கணினி மையங்களில் ஆள் குறைவு. ஆயிரக்கணக்கான கணக்குகளைத் தனித்தனியே பராமரிப்பதைவிட ஒரு முகவரித் தொகுதியைப் பதிப்பகத்துக்குக் கொடுத்துவிடுவது எளிது. கடவுச்சொற்கள் கசிந்து மொத்தப் பதிவிறக்கம் நடந்தால் பதிப்பகம் முழு நிறுவனத்தையே முடக்கிவிடக்கூடும். உண்மைதான். ஆனால் முகவரித் தொகுதி முறையில் தவறிழைத்த ஒருவரைப் பிரித்தறிவது கடினம். தனிக்கணக்கு முறையில் அவரை மட்டும் நிறுத்திவைக்கலாம். பாதுகாப்பைக் காரணம் காட்டுவோர் இந்த ஒப்பீட்டைச் செய்துபார்க்கவேண்டும்.

கணக்குகளைப் பற்றிப் பேசும்போது ஒன்றை விட்டுவிட இயலாது. ஆய்வேடு ஒப்படைக்கப்பட்ட உடனேயே மாணவரின் நிறுவனக் கணக்கு முடக்கப்படும் வழக்கம் சில இடங்களில் உள்ளது. தேர்வாளர்கள் கேட்கும் திருத்தங்கள் அதன் பிறகுதான் வருகின்றன. விடுபட்ட மேற்கோளைச் சேர்க்கச் சொல்லும் திருத்தமும் அவற்றில் இருக்கும். அந்த மாணவருக்கு விபிஎன்னும் இல்லை, கூட்டமைப்புக் கணக்கும் இல்லை. திரையில் வருவதோ 691. கடவுச்சொல்லைத் திரும்பத் திரும்பத் தட்டிப் பார்ப்பதைத் தவிர அவருக்கு அந்த எண் வேறெதையும் சொல்வதில்லை. வாய்மொழித் தேர்வு முடிந்து ஆறு மாதம் வரை கணக்கு உயிரோடிருக்கும் என்று ஆய்வு விதிமுறையில் ஒரு வரி சேர்க்க எந்தப் புதிய மென்பொருளும் தேவையில்லை. கல்விக்குழுவின் அடுத்த கூட்டம் போதும்.